இந்த எண்ணுக்கு யார் பொறுப்பு? தரவு ஆளுகைக்குள் முதல் அடி

2020ஆம் ஆண்டில், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு சுமார் 27 மரபணுக்களின் பெயர்களை மாற்றியிருப்பது செய்தியானது. ஆய்வில் புதிதாக எதுவும் தெரியவந்ததால் மாற்றவில்லை. எக்செல் மென்பொருள் அந்தப் பெயர்களைத் தேதிகளாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். 'செப்ட்1' என்று உள்ளிட்டால் கட்டத்தில் செப்டம்பர் 1 என்று மாறி நிற்கும். 'மார்ச்1' என்றால் மார்ச் 1. கவனிக்காமல் கோப்பைச் சேமித்துவிட்டால் மரபணு மறைந்துபோகும், தேதி மட்டும் மிஞ்சும்.

இந்தச் சிக்கலைப் பற்றி 2004லேயே எழுதிவிட்டார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் கோப்பாக மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வகங்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. கட்டங்களை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிழையைக் கண்டுபிடிக்க நிரல் எழுதினார்கள். எல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனாலும் பிழை நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கோப்பைத்தான் திருத்த முடிந்தது. பெயரையே மாற்றும் அதிகாரம் அவர்களில் யாருக்கும் இல்லை. அதிகாரம் உள்ள குழு முடிவெடுத்தபோது 'செப்ட்1' 'செப்டின்1' ஆனது, 'மார்ச்1' 'மார்ச்எஃப்1' ஆனது. தரவைக் கையாளும்போது சிக்கல் தரும் பெயர்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் பெயரிடல் விதிகளில் இடம்பெற்றது.

ஆய்வகங்கள் செய்தது தரவு மேலாண்மை. குழு செய்தது தரவு ஆளுகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. அதனால்தான் புதிதாக இத்துறைக்கு வருபவர்களிடம் வரையறைகளுக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை

டேட்டா கவர்னன்ஸ் என்பதைத் தமிழில் தரவு ஆளுமை என்றும் எழுதுகிறார்கள், தரவு ஆளுகை என்றும் எழுதுகிறார்கள். ஆளுமை என்றதும் மனிதரின் குணநலன் நினைவுக்கு வந்துவிடுவதால் நான் ஆளுகை என்றே எழுதுகிறேன். ஆள்வது என்ற செயல் அதில் தெளிவாக இருக்கிறது. டேட்டா மேனேஜ்மென்ட் என்பதற்குத் தரவு மேலாண்மை என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

இனி வரையறை. தரவைச் சேகரிப்பது, சேமிப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது, சுத்தப்படுத்துவது, பாதுகாப்பது, அறிக்கையாகத் தருவது, காலம் முடிந்ததும் அழிப்பது: இந்த வேலைகள் அனைத்தும் மேலாண்மை. இந்த வேலைகள் எந்த விதிப்படி நடக்க வேண்டும், அந்த விதியை யார் வகுப்பது, கருத்து வேறுபாடு வந்தால் யார் தீர்ப்பது, விதி பின்பற்றப்படுகிறதா என்பதை யார் பார்ப்பது: இவை ஆளுகை.

இத்துறையில் பலரும் கையில் வைத்திருக்கும் அடிப்படை நூல், தரவு மேலாண்மைத் தொழிலில் இருப்பவர்களின் பன்னாட்டு அமைப்பான டாமா வெளியிட்ட டிஎம்பாக். அதன் இரண்டாம் பதிப்பு 2017இல் வந்தது. தரவு மேலாண்மையின் 11 அறிவுத்துறைகளை அது ஒரு சக்கரமாக வரைந்து காட்டுகிறது. தரவுக் கட்டமைப்பு, பாதுகாப்பு, தரம், ஒருங்கிணைப்பு, மூலத் தரவு (நோயாளி, வாடிக்கையாளர் போன்ற அடிப்படைப் பட்டியல்கள்), மீத்தரவு (தரவைப் பற்றிய தரவு) என்று 10 துறைகள் சுற்றிலும் இருக்கின்றன. நடு வட்டத்தில் ஆளுகை இருக்கிறது. புதியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆளுகையும் 11 வேலைகளில் ஒன்று, அதற்கும் ஒரு குழுவைப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. மற்ற 10 துறைகளிலும் முடிவு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே அது நடுவில் இருக்கிறது.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை

ஒரு வேலை உங்கள் முன் வந்தால், 'இதை எப்படிச் செய்வது?' என்று கேட்கத் தோன்றுகிறதா, 'இதை யார் முடிவு செய்வது?' என்று கேட்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். முதல் கேள்வி மேலாண்மைக்கு உரியது, இரண்டாவது ஆளுகைக்கு உரியது. பெரும்பாலான வேலைகளில் இரண்டும் பின்னிக் கிடக்கும். அதனால்தான் குழப்பம்.

காப்புநகல் எடுப்பதைப் பாருங்கள். தினமும் இரவு எந்தக் கருவியால், எந்த வட்டில் நகல் எடுப்பது என்பது மேலாண்மை. அந்த நகலை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கலாம், அதிலிருந்து ஒருவருடைய பழைய பதிவை மீட்டெடுக்க யார் அனுமதி தர வேண்டும் என்பது ஆளுகை. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் அவற்றைக் கண்டுபிடித்து இணைக்கும் நிரல் மேலாண்மை. இரண்டு பதிவுகளிலும் முகவரி வெவ்வேறாக இருந்தால் எதை மெய்யென்று கொள்வது? இந்தக் கேள்விக்கு நிரல் எழுதுபவர் ஒரு பதிலைத் தம் விருப்பப்படி எழுதிவிட முடியும். பல நிறுவனங்களில் அப்படித்தான் நடக்கிறது. நள்ளிரவில் வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒரு நிரலாளர் எழுதிய வரி, பல ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் கொள்கையாக இருந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்பதற்கு யாருமே இல்லாதபோது அவர் வேறு என்ன செய்வார்?

இணையத்தில் தமிழ் வளர்ந்த காலத்தை நேரில் கண்டவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியாக்கம் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாடு) இருந்த நாட்களில், ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரிந்தது. ஒரு குறியாக்கத்தை இன்னொன்றாக்கும் நிரல்களை, அதாவது மாற்றிகளை, எழுதிச் சமாளித்தோம். யூனிகோடு என்ற ஒரே தரத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாற்றிகளின் தேவை குறைந்தது. மாற்றி எழுதுவது மேலாண்மை. எந்த எண் எந்த எழுத்துக்கு என்று ஓரிடத்தில் முடிவு செய்வது ஆளுகை.

விதி எழுதினால் மட்டும் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆளுகை என்றதும் பலர் கொள்கை ஆவணம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. ஒரு தரைநிலைய மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருளோ எண்கள் நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. பாதை கணக்கிட்டதைவிடத் தாழ்ந்துவிட்டது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத பகுதி ஒன்று உண்டு: மெட்ரிக் அலகில்தான் எண்களைத் தர வேண்டும் என்று இரு மென்பொருள்களுக்கும் இடையிலான இடைமுக ஆவணத்தில் எழுதப்பட்டே இருந்தது.

விதி இருந்தது. வந்துசேரும் எண் விதிப்படி இருக்கிறதா என்று உறுதிசெய்யும் சோதனை சரியாக நடக்கவில்லை. ஆகவே ஆளுகை என்றால் விதி, பொறுப்பு, கண்காணிப்பு மூன்றும் சேர்ந்தது என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இனிப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுசெல்கிறேன்: ஒரு பெரிய மருத்துவமனை, அதில் 'இப்போது எத்தனை படுக்கைகள் காலியாக இருக்கின்றன?' என்ற கேள்வி. உங்கள் நிறுவனம் வங்கியாகவோ பள்ளியாகவோ கிடங்காகவோ இருக்கலாம். உங்களுக்கும் இதே போன்ற ஒரு கேள்வி இருக்கும்.

முதல் படி: வலிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிறுவனத்தின் எல்லாத் தரவுக்கும் ஒரே நேரத்தில் ஆளுகை கொண்டுவர முயல வேண்டாம். ஆயிரக்கணக்கான அட்டவணைகளைப் பட்டியலிடத் தொடங்கி, ஓராண்டு கழித்துப் பட்டியலோடு நின்றுபோன முயற்சிகள் நிறைய உண்டு. தவறான எண்ணால் யாருக்கேனும் உண்மையில் துன்பம் நேரும் ஓர் இடத்தைத் தேடுங்கள். எந்த அறிக்கை வந்தாலும் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் எண் சரியா என்ற வாதத்தில் போகிறதா? அதுதான் உங்கள் தொடக்கம்.

மருத்துவமனையில் அது காலிப் படுக்கை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் தள்ளுவண்டியில் காத்திருக்கிறார். கணினியில் 14 படுக்கைகள் காலி என்று தெரிகிறது. வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டால் இரண்டுதான் என்கிறார்கள்.

இரண்டாம் படி: ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பிரிவிடமும் தனித்தனியாகப் போய், அவர்கள் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள், விவாதிக்காதீர்கள்.

கணக்குப் பிரிவுக்கு, ஒரு நோயாளியின் இறுதிப் பில் முடிந்துவிட்டால் படுக்கை காலி. வார்டுச் செவிலியருக்கு, பில் முடிந்தாலும் நோயாளி மருந்துக்காகவோ உறவினர் வருகைக்காகவோ அங்கேயே அமர்ந்திருக்கும்வரை அது காலி இல்லை. தூய்மைப் பணியாளருக்கு, விரிப்பு மாற்றிக் கிருமிநாசினி தெளித்து முடித்தால்தான் காலி. செவிலியர் கண்காணிப்பாளர் இன்னொன்றைச் சொல்வார்: படுக்கை சுத்தமாக இருந்தாலும் அந்தப் பணிநேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அது படுக்கையே இல்லை, வெறும் கட்டில்.

காலை 10 மணிக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதுகிறார். நண்பகலில் பில் முடிகிறது. 2 மணிக்கு நோயாளி கிளம்புகிறார். 3 மணிக்குச் சுத்தம் முடிகிறது. 12 மணி முதல் 3 மணிவரை ஒரே படுக்கை ஒருவருக்குக் காலி, மற்றவருக்கு நிரம்பியது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, கணினியும் பழுதாகவில்லை. மென்பொருளை மாற்றினாலும் இந்த வேறுபாடு மாறாது. ஒரே பெயரைச் சுமந்துகொண்டு நான்கு வெவ்வேறு செய்திகள் உலவுகின்றன, அவ்வளவுதான்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, நான்கில் ஒன்றைச் சரி என்றும் மற்ற மூன்றைப் பிழை என்றும் அறிவித்துவிடுவது. அப்படிச் செய்தால் மற்ற மூன்று பிரிவுகளும் தங்கள் எண்ணைத் தனிக் கோப்பில் ஒளித்து வைத்துக்கொள்ளும். கணக்குப் பிரிவுக்கு அவர்களுடைய எண் உண்மையிலேயே தேவை. அதை அழிக்காதீர்கள், அதற்கு வேறு பெயர் கொடுங்கள். ஒன்று 'பில் முடிந்த படுக்கை', இன்னொன்று 'நோயாளி கிளம்பிய படுக்கை', அடுத்தது 'சுத்தம் முடிந்த படுக்கை', மற்றொன்று 'நோயாளியை ஏற்கத் தயாரான படுக்கை' என்று ஆகட்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் திரையில் கடைசி எண் மட்டும் தெரியட்டும்.

மூன்றாம் படி: ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள்

வரையறை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவர் வேண்டும். துறையின் பெயரையோ குழுவின் பெயரையோ எழுதினால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். பதவியும், அந்தப் பதவியில் இன்று இருப்பவரின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

இங்கே மூன்று பாத்திரங்கள் உண்டு. முதலாமவர் தரவு உரிமையாளர், அலுவலகங்களில் டேட்டா ஓனர் என்றே சொல்வார்கள். வரையறையை ஏற்பதும் மாற்றுவதும், யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வதும் அவர் உரிமை. தவறினால் பதில் சொல்வதும் அவர் கடமை. நம் எடுத்துக்காட்டில் அவர் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கலாம். இரண்டாமவர் டேட்டா ஸ்டூவர்ட், தரவுப் பொறுப்பாளர் எனலாம். அன்றாடம் எண்ணைப் பார்ப்பவர், பிழை தெரிந்தால் காரணம் தேடுபவர், வார்டுகளின் நெளிவுசுளிவு அறிந்தவர். மூன்றாமவர் டேட்டா கஸ்டோடியன், அதாவது காப்பாளர். தரவுத்தளத்தை இயக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் அவர்கள்.

மூன்றாமவரையே முதலாமவராக ஆக்கிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. 'கணினி சம்பந்தப்பட்டதுதானே, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்' என்பார்கள். சர்வர் அவர்கள் அறையில் இருக்கிறது என்பதற்காக, எந்தப் படுக்கை நோயாளிக்குத் தயார் என்று சொல்லும் அறிவு அவர்களுக்கு எப்படி வரும்? அதே நேரத்தில் உரிமையாளர் என்று பெயர் போட்டுவிட்டு அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் தராமல் விடுவதும் அநியாயம். நியமிக்கும் முன் அவரிடமே கேளுங்கள்: 'நாளை இந்த வரையறையை நீங்கள் மாற்றச் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களா?' பதிலில் தயக்கம் இருந்தால் நீங்கள் தேடும் ஆள் இன்னும் மேலே இருக்கிறார்.

நான்காம் படி: ஒரு பக்கத்துக்குள் பதிவேடு

இப்போது தெரிந்தவற்றை ஒரு படிவமாக எழுதுங்கள். இது இப்படி இருக்கலாம்:

பெயர்: ஏற்கத் தயாரான படுக்கை.
பொருள்: முந்தைய நோயாளி வெளியேறி, தூய்மைப் பணி முடிந்து, நடப்புப் பணிநேரத்துக்குச் செவிலியர் ஒதுக்கப்பட்டுள்ள படுக்கை.
சேராதவை: பழுதுபார்ப்பில் உள்ளவை, திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கியவை.
உரிமையாளர், பொறுப்பாளர், காப்பாளர்: பெயரும் பதவியும்.
தரவு பிறக்கும் இடம்: வார்டுத் திரையில் 'சுத்தம் முடிந்தது' என்று பதியும் தருணம்.
தர விதி: சுத்தம் முடிந்த 15 நிமிடத்துக்குள் பதிவாக வேண்டும்.
கடைசியாக மாற்றிய நாள், மாற்றியதன் காரணம்.

'சேராதவை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சண்டைகள் பெரும்பாலும் எது சேரும் என்பதில் வருவதில்லை, எது சேராது என்பதில்தான் வருகின்றன. காரணத்தை எழுதும் வரியும் அப்படியே. இரண்டு ஆண்டு கழித்து வருபவர் 'ஏன் இப்படி வைத்தார்கள்?' என்று கேட்கும்போது பதில் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அளந்து பார்க்கக்கூடிய விதி

'தரவு துல்லியமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் அதை யாரும் மீறவும் முடியாது, பின்பற்றவும் முடியாது. 15 நிமிடம் என்றால் அளக்கலாம். தரத்தைப் பல கோணங்களில் அளப்பார்கள்: துல்லியம், முழுமை, ஒத்திசைவு, காலத்தோடு வருதல், ஒரே பதிவு இருமுறை வராமை, வடிவ விதிக்கு உட்படுதல். ஆறையும் எல்லாவற்றுக்கும் பூட்ட வேண்டியதில்லை. படுக்கை எண்ணுக்குக் காலமே உயிர். நோயாளியின் ரத்த வகைக்குத் துல்லியமே உயிர்; அது பத்து நிமிடம் தாமதமாக வரலாம், தவறாக வரக் கூடாது. எது முக்கியம் என்று தேர்ந்தெடுப்பது ஆளுகை. தேர்ந்தெடுத்ததைத் தினமும் கணக்கிட்டுத் திரையில் காட்டுவது மேலாண்மை.

முழுமை பற்றி ஓர் உண்மை நிகழ்வு. 2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 15,841 கொரோனா தொற்றுகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டதாக அறிவித்தது. ஆய்வகங்களின் முடிவுகளைச் சேர்க்கும் வழியில் பழைய எக்செல் கோப்பு வடிவம் பயன்பட்டது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். மிஞ்சியவை உள்ளே வரவில்லை. அந்த மனிதர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி நாட்கணக்கில் தாமதமானது. பழைய வடிவத்தைப் பயன்படுத்தியது மேலாண்மைக் குறை என்று சொல்லிவிடலாம். ஆனால், அனுப்பிய வரிசைகளின் எண்ணிக்கையும் வந்துசேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறுபட்டால் இன்னாருக்கு உடனே செய்தி போக வேண்டும் என்ற எளிய விதி இத்தகைய எந்தப் பாதைக்கும் தேவை. உங்கள் நிறுவனத்தில் கோப்புகள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் இதை முதல் விதியாக வையுங்கள். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆறாம் படி: பிழை வந்தால் எங்கே போவது

பிழை கண்டவர் சொல்ல ஓர் இடம் வேண்டும், சொன்னதற்குப் பதில் வர வேண்டும். ஒரு எளிய பட்டியல் போதும்: என்ன பிழை, யார் கண்டார், யார் பொறுப்பு, எப்போதைக்குள், என்ன ஆயிற்று. பொறுப்பாளரால் தீர்க்க முடியாதது உரிமையாளரிடம் போகும். இரண்டு உரிமையாளர்களுக்கு இடையே உடன்பாடு வரவில்லையென்றால் ஆளுகைக் குழுவுக்குப் போகும். குழுவில் முடிவெடுக்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கூடட்டும். கூட்டத்தின் முடிவில் எழுதப்பட்ட முடிவு ஒன்றாவது இருக்கட்டும். விளக்கப்படங்கள் காட்டுவதோடு கலையும் கூட்டத்துக்கு மூன்றாவது மாதமே ஆள் வர மாட்டார்கள்.

பிழையைப் பதிந்த செவிலியருக்கு 'சரிசெய்துவிட்டோம், நன்றி' என்று ஒரு வரி போகட்டும். இது சிறிய செயல். ஆனால் நல்ல தரவு பிறப்பது அவருடைய கையில்தான். அவர் நம்பிக்கை இழந்துவிட்டால் எந்தக் குழுவாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

ஏழாம் படி: அணுகலும் அழிப்பும்

யார் எந்தத் தரவைப் பார்க்கலாம் என்பதை நிறுவனங்கள் ஓரளவு கவனிக்கின்றன. எப்போது அழிப்பது என்பதை ஏறக்குறைய யாரும் கவனிப்பதில்லை. சேமிப்பது மலிவாகிவிட்டதால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்கள். தனிநபர் தரவு விஷயத்தில் இது சட்டச் சிக்கலாகிவிடும்.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, என்ன நோக்கத்துக்காகத் தரவைப் பெற்றீர்களோ அதற்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஒருவர் தம் தரவைக் கேட்டாலோ அழிக்கச் சொன்னாலோ பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் உண்டு. ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இது கட்டுப்படுத்துகிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தரவைக் கையாளுபவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. தரவை எந்த நோக்கத்துக்காக, எவ்வழியில் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் கட்டுப்பாட்டாளர். அவர் சார்பில் அந்த வேலையைச் செய்துதருபவர் செயலாக்குநர். முடிவெடுப்பது வேறு, செய்வது வேறு என்று நாம் முதலிலிருந்து பேசிவரும் அதே கோடு.

அழிக்கச் சொல்லும் கோரிக்கை வந்தால் அந்த மனிதரின் தரவு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூல அமைப்பில் இருக்கும், அறிக்கைக் கிடங்கில் இருக்கும், யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பிலும் இருக்கும். தரவு எங்கே பிறந்து எந்தெந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்ற இந்தத் தடத்தை டேட்டா லினியேஜ் என்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் முதலில் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். வரைந்து முடிக்கும் முன்னரே, யாருக்கும் தெரியாமல் தினமும் ஒரு நகல் எங்கோ போய்க்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்.

எட்டாம் படி: கருவி கடைசியில்

தரவுப் பட்டியலிடும் மென்பொருள்கள், தரச் சோதனைக் கருவிகள், தடம் வரையும் கருவிகள் எல்லாம் பயனுள்ளவை. ஆனால் அவற்றை முதலில் வாங்கினால், 'உரிமையாளர்' என்ற கட்டம் காலியாகவே கிடக்கும் அழகான திரை ஒன்று கிடைக்கும். 2008 நிதி நெருக்கடியில் பெரிய வங்கிகள் பல, தங்கள் மொத்த இடர் எவ்வளவு என்பதை விரைவாகக் கூட்டிச் சொல்ல முடியாமல் திணறின. அதிலிருந்து பாடம் கற்று, வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு 2013 ஜனவரியில் இடர்த் தரவு பற்றி 14 கொள்கைகளை வெளியிட்டது. முதல் கொள்கை ஆளுகை. தரவுக் கட்டமைப்பும் கணினி உள்கட்டமைப்பும் இரண்டாவது. அந்த வரிசையை நீங்களும் பின்பற்றலாம். தொடக்கத்தில் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பகிர்வுக் கோப்பு போதும். பதிவேட்டில் வரையறுத்த சொற்கள் நூறைத் தாண்டும்போது கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

பெரிய அறிக்கை எதுவும் தயாரிக்க வேண்டாம். வார்டுக்குப் போய் அன்று பணியில் இருக்கும் செவிலியரிடம், 'ஏற்கத் தயாரான படுக்கை என்றால் என்ன?' என்று கேளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இருவரிடமும், 'இந்த எண் தவறாகத் தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். 'கணினிப் பிரிவிடம்' என்று பதில் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ஒரு மனிதரின் பெயர் வந்தால், அடுத்த சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து தொடங்கலாம்.